உதறினால் விழாத மணல்

அந்தத் தீவில் எந்தக் கடற்கரை உசத்தி என்ற பேச்சை எடுத்தாலே உதறலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பேச்சை எடுப்பவர்கள் எல்லோரும் விடுமுறைக்கு வந்தவர்கள். ஐந்து நாள் ஓட்டலில் தங்குவார்கள், மூன்று கரைகளில் குளிப்பார்கள், ஆறாம் நாள் காலை வரவேற்பறையில் பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு வழக்காடுவார்கள். முதல் கரையில் அலை பிரமாதமாம். இரண்டாம் கரையில் நிழல் சுகமாம். மூன்றாம் கரை மாதிரி வேறு எங்குமே கிடையாதாம், கால் வைத்தால் மெத்தையாம். அந்த மெத்தையைத் துவாலையோடு சுருட்டிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகிறார்களே, அதை உதறுவது யார்? கேட்க ஒரு நாதி கிடையாது.

உதறுவது அவள்தான், அவளும் அவளுக்குக் கீழே நான்கு பெண்களும். ஓட்டலின் அடித்தளத்தில் சலவை அறை. நான்கு துவைக்கும் இயந்திரங்கள், இரண்டு உலர்த்தும் இயந்திரங்கள், மடிப்பதற்கு ஒரு நீள மேசை, மூலையில் சோப்புத்தூள் டிரம். கூரையை ஒட்டி முழ நீளத்துக்கு ஒரு சன்னல் உண்டு. அதன் வழியாகத் தெரிவது குளித்துவிட்டு வருகிறவர்களின் கால்கள் மட்டும். இருபத்திரண்டு வருடமாக உதறலக்கா கண்ட கடல் அந்தக் கால்களில் சொட்டிய தண்ணீர்தான். வீடு மேட்டுக்கு மறுபக்கம், அங்கிருந்து கடல் தெரியாது. கணவர் இதே ஓட்டலின் ஊழியர் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கு வீட்டுத் துணியைத் துவைத்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தீவிலேயே இருப்பவர்கள் தீவுக்குச் சுற்றுலா போவார்களா என்ன?

பெயரைக் கேட்டுவிட்டு அவளைத் தொடை நடுங்கி என்று நினைத்துவிடக் கூடாது. நடுங்கியதெல்லாம் மற்றவர்கள்தான். துவாலை உதறுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். பின்கட்டு சிமெண்டுத் தரையில் நின்று, இரண்டு முனையைப் பிடித்து மூன்று உதறு, திருப்பிப் பிடித்து மூன்று உதறு, பிறகுதான் இயந்திரம். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒவ்வொரு இயந்திரத்தின் வடிகட்டியையும் தன் கையாலேயே கழற்றிப் பார்ப்பாள். சுத்தமாக இருந்தால் எல்லோரும் ஒழுங்காக உதறியிருக்கிறார்கள். மண் இருந்தால் யாரோ டிமிக்கி கொடுத்திருக்கிறார்கள். அந்த இயந்திரத்தில் நின்றவளுக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். வடிகட்டி பொய் சொல்லாது என்பது அவள் கட்சி. இருபத்திரண்டு வருடத்தில் அது ஒரு முறைகூடப் பொய் சொன்னதும் இல்லை.

போகாமலே மூன்று கரைகளையும் அவளுக்குத் தெரியும். முதல் கரையின் மணல் சாம்பல் நிறம், ரவை பருமன். ஒரே உதறில் மரியாதையாக விழுந்துவிடும். இரண்டாம் கரையில் பாதி மணல், பாதி உடைந்த சிப்பி; நூலில் மாட்டிக்கொண்டு கட்டை விரலைக் கிழிக்கும். மூன்றாம் கரையின் மணல் பழுப்பு, சர்க்கரை மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும்; உதறக்கூட வேண்டாம், தூக்கினாலே கொட்டிவிடும். அந்தப் பழுப்பு மணல் சில மாதங்களாக வருவதே இல்லை. அங்கே புதிதாகச் சாய்வு நாற்காலிகள் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டாள். துரைமார்கள் இனி மணலில் படுப்பதில்லை போலிருக்கிறது, நமக்கு வேலை மிச்சம் என்று விட்டுவிட்டாள்.

வேலை மிச்சமாகவில்லை. அதே மாதங்களில்தான் இயந்திரங்கள் படுத்தன. மூன்று மாதத்தில் நான்கு தடவை பம்ப் போனது. தண்ணீர் வடியாமல் அறை முழுக்கக் கணுக்கால் அளவு நின்றது. வடிகட்டியைக் கழற்றினால் உள்ளே வெள்ளை வெளேரென்று களிம்பு, வழவழவென்று, சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. பார்த்ததுமே உதறலக்கா தீர்ப்பு எழுதிவிட்டாள். கரையாத சோப்புத்தூள். எவளோ அளவு கரண்டியைப் போடாமல் கையால் அள்ளிக் கொட்டுகிறாள்.

எவளோ என்ன எவளோ, புதிதாக வந்தவள்தான். நாற்பது வயது. உடுப்புத் தைக்கும் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு, அது மூடியதும் இங்கே வந்தவள். அதனால் தையல்காரி என்று பெயர் வந்துவிட்டது. வேலையோடு சேர்த்து ஊழியர் குடியிருப்பில் ஒரே ஒரு அறை கொடுத்திருந்தார்கள். அதில் அவளும் பள்ளிக்குப் போகிற இரண்டு பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். அவள் வந்து நான்கு மாதம், களிம்பு வந்து மூன்று மாதம். கணக்குச் சரியாகப் போயிற்று.

"அக்கா, இது சோப்பு மாதிரி இல்லக்கா. மண்ணு மாதிரி இருக்கு" என்றாள் தையல்காரி, களிம்பை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு.

"மண்ணப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிறியா? நீ ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தப்ப நான் இங்க மண்ணு உதறிக்கிட்டு இருந்தவ."

"இல்லக்கா, நான் மூணு மூணு ஆறு தடவையும் உதறித்தான் போடுறேன். சோப்பும் கரண்டியாலதான்."

"அப்ப மிஷின் பொய் சொல்லுதா?"

அதற்குத் தையல்காரி என்ன சொல்வாள்? தண்டனையாக, மறுநாளிலிருந்து மொத்தத் துவாலைகளையும் அவள் ஒருத்தியே உதற வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒரு நாளைக்கு நானூறு துவாலை. ஆறு உதறு என்ற கணக்கு பன்னிரண்டு ஆனது. ஒரு மாதம் அப்படியே நடந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து தையல்காரி வலது கையைத் தலைக்கு மேலே தூக்கவில்லை. கொடியில் இடது கையால் கிளிப் மாட்டினாள். உதறலக்கா அதையும் பார்த்தாள். வேலைக்குக் கள்ளம் என்று நினைத்துக்கொண்டாள். நான்காவது தடவை பம்ப் போனது அந்த மாதக் கடைசியில்தான்.

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். உதறலக்கா வேலைக்குச் சேர்ந்த வருடம் அவர் பள்ளிக்கூடத்தில் மூக்கு ஒழுக நின்றிருப்பார். இப்போது கண்ணாடி அறை, குளிரூட்டி, சுழலும் நாற்காலி.

"அக்கா, இத்தன தடவ பம்ப் மாத்தினா மேல கேக்குறாங்க. யாரோ ஒருத்தர் ஒழுங்கா வேல பாக்கல. சனிக்கிழமைக்குள்ள இந்தத் தாள்ல பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவங்கள அனுப்பிட்டா விஷயம் முடிஞ்சிடும்."

"அனுப்புறதுன்னா?"

"வேலைய விட்டுத்தான். குடியிருப்பும் காலி பண்ணணும்."

தாளில் 'பழுதுக்குப் பொறுப்பானவர்' என்று அச்சடித்து, பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தது. உதறலக்கா அதை வாங்கிக்கொண்டு கீழே வந்தாள். மடிக்கும் மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் தையல்காரியின் பெயரை எழுதினாள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவள் எங்கே போவாள் என்று உறுத்தாமல் இல்லை. ஆனால் மற்ற மூவரும் ஒழுங்காக வேலை பார்க்கிறவர்கள், ஒருத்திக்காக எல்லோர் பெயரும் கெடுவதா என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். சனிக்கிழமை பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அந்த வாரமே அவளுக்கு நீண்ட நாள் சேவைக்கான பரிசு வந்தது. அதிலும் ஒரு வயிற்றெரிச்சல். என்ன பரிசு வேண்டும் என்று போன வருடமே கேட்டு எழுதி வாங்கியிருந்தார்கள். சலவை அறைக்கு ஒரு மின்விசிறி என்று எழுதிக் கொடுத்திருந்தாள். வந்தது மூன்று நாள் கடற்கரைச் சுற்றுலாச் சீட்டு, கணவன் மனைவிக்கு, சாப்பாடு உட்பட. ஒரு நாளைக்கு ஒரு கரை. புதன், வியாழன், வெள்ளி.

"மண்ணு உதறி உதறிச் செத்தவளுக்கு மண்ணையே பரிசாக் குடுக்குறாங்க பாருங்க" என்று வீட்டில் வெடித்தாள்.

"ஓசியில வருது, போயிட்டு வருவோமே" என்றார் கணவர் பஸ்காரர். அவர் ஒரே பாதையில் முப்பது வருடம் ஓட்டிய மனிதர். பயணியாக உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

புதன்கிழமை முதல் கரைக்குப் போனார்கள். சுற்றியிருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். உதறலக்கா குனிந்து ஒரு பிடி மணலை எடுத்துப் பார்த்தாள். சாம்பல், ரவை, அதே ஆள்தான். ஓட்டலில் கொடுத்த துவாலையை நனைத்து மணலில் போட்டுப் புரட்டி, எழுந்து நின்று ஒரு உதறு உதறினாள். சுத்தம். பக்கத்தில் படுத்திருந்த ஒரு அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முறைத்தாள். "இது நல்ல கரை" என்றாள் உதறலக்கா. பஸ்காரர் அதற்குள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிவிட்டிருந்தார்.

வியாழக்கிழமை இரண்டாம் கரை. நிழல் உண்மையிலேயே இருந்தது. ஆனால் ஐந்து நிமிடத்தில் சிப்பி காலைக் கீறிவிட்டது.

"இத ரசிக்கிறாங்களாம். வந்து என் கட்ட விரலப் பாக்கச் சொல்லுங்க."

"நீ கடல எங்க பாத்த? வந்ததுலேர்ந்து தரையத்தான் பாக்குற" என்றார் பஸ்காரர். "எனக்கு நேத்தைய விட இன்னிக்குத்தான் பிடிச்சிருக்கு. காத்து நல்லா வருது."

"நேத்து தூங்கிட்டீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கம் எப்படி வந்துச்சுங்கறத வெச்சுத்தான் சொல்றேன்."

இப்படி இருவரும் சாயங்காலம் வரை கரைகளை ஒப்பிட்டு மல்லுக்கு நின்றார்கள். வரவேற்பறையில் பெட்டியோடு உட்கார்ந்து வழக்காடுகிறவர்களைப் போலவே தானும் பேசிக்கொண்டிருப்பது நடுவில் அவளுக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்றாம் கரையில் கயிறு கட்டியிருந்தது. கயிற்றருகே நின்ற காவலாளி சீட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, நீங்க லாண்டரி இல்ல? கயித்துக்கு உள்ள ஸ்டாஃபுக்கு அனுமதி இல்லக்கா."

"நான் இன்னிக்கு லீவு."

"லீவா இருந்தாலும் ஸ்டாஃபு ஸ்டாஃபுதானேக்கா."

"இந்தச் சீட்டு யார் குடுத்தது? உங்க ஓட்டல்தானே? வான்னு கூப்பிட்டுட்டு வாசல்ல நிறுத்துறதுக்கு என்னய்யா பேரு? நான் துவைச்சுக் குடுத்த டவல்லதான் உள்ள அத்தன பேரும் உருளுறாங்க. டவலு உள்ள போகலாம், நான் போகக் கூடாதா?"

குரல் ஓங்கியது. நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். காவலாளிக்கு வம்பு வேண்டாம் என்றாகிவிட்டது. ஓரமாக உட்காரச் சொல்லிக் கயிற்றைத் தூக்கிவிட்டான்.

உள்ளே காலை வைத்தாள். மெத்தென்றுதான் இருந்தது. கண் கூசும் வெள்ளை. மாவு மாதிரிக் கால் விரல் இடுக்கெல்லாம் அப்பியது.

"இதுதான்மா கரை! மத்த ரெண்டும் சும்மா" என்று பஸ்காரர் கையை விரித்து நின்றார்.

உதறலக்கா குனிந்து காலைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக இந்தக் கரையிலிருந்து அவளிடம் வந்தது பழுப்பு மணல். இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது? உட்கார்ந்து கையால் தோண்டினாள். ஒரு சாண் ஆழம் வரை வெள்ளை. அதற்குக் கீழே விரலில் தட்டுப்பட்டது அவளுக்குப் பழக்கமான பழுப்பு, உருண்டை உருண்டையாக. இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி எல்லை.

வெள்ளையில் ஒரு பிடி எடுத்து நனைத்த துவாலையில் தேய்த்து உதறினாள். விழவில்லை. இன்னும் ஓங்கி உதறினாள். பன்னிரண்டு தடவை உதறினாள். துணி வெள்ளை, தூள் வெள்ளை, ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியவில்லை. விரலால் தடவினால் வழவழவென்று களிம்பு. வடிகட்டியில் சுரண்டி எடுத்த அதே களிம்பு.

சற்றுத் தள்ளி ஒருவர் நீளமான வாரியால் மணலைச் சமன் செய்துகொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டாள்.

"இது மண்ணு இல்லம்மா, கல்லு. வெள்ளக் கல்ல அரைச்சு மூட்டையில வருது. போட்டோவுல நல்லா விழணும்னு மூணு மாசமா கொட்டுறோம். அல இழுத்துட்டுப் போயிடும், மறுபடி கொட்டுவோம். அந்தக் கழிப்பறைக்குப் பின்னால பாருங்க, மூட்டை அடுக்கியிருக்கு."

மூன்று மாதம். உதறலக்காவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. இவர்கள் போட்டோவுக்காகக் கல்லை அரைத்துக் கொட்டுவார்களாம்; வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு இதுவே உலகத்தில் முதல் கரை என்பார்களாம்; அது வந்து இயந்திரத்தை அடைத்தால், கீழே இருக்கிற ஐந்து பெண்களில் ஒருத்தியின் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். என்ன நியாயம் இது? யார் வீட்டு நியாயம்?

கோபம் அங்கேயே நின்றிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். நிற்கவில்லை. கைப்பைக்குள்ளிருந்த தாள் ஞாபகத்துக்கு வந்தது. எடுத்துப் பிரித்தாள். பென்சிலில் எழுதியிருந்த பெயர் தெளிவாகத்தான் இருந்தது. மண்ணு மாதிரி இருக்குக்கா என்று தையல்காரி அன்றைக்கே சொன்னாளே. சொன்னவள் வாயை அடைத்து, வெயிலில் நிற்க வைத்து, நானூறு துவாலையைக் கொடுத்தது எந்த மேலாளர்?

"ஒருத்தியத் தெருவுல விடப் பாத்தேங்க" என்றாள்.

பஸ்காரர் தாளை வாங்கிப் பார்த்தார். கயிற்றுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை மேலாளரின் கண்ணாடி மேசைமேல் உதறலக்கா ஒரு ஈரத் துவாலையை வைத்தாள்.

"இதுல உங்க மூணாம் கரை மண்ணு இருக்கு. உதறுங்க சார்."

"என்னக்கா இது, காலையிலயே..."

"உதறுங்க. உதறாம விட்டவ பேரைத்தானே கேட்டீங்க? நீங்க உதறி விழுந்துச்சுன்னா பேரைத் தர்றேன்."

அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து நின்று இரண்டு முனையைப் பிடித்து உதறினார். மேசைக் கண்ணாடியிலும் அவருடைய கறுப்புக் காற்சட்டையிலும் வெள்ளைச் சொட்டுகள் தெறித்தன. துவாலையில் இருந்தது இருந்தபடியே இருந்தது. இன்னொரு தடவை உதறினார். பிறகு உட்கார்ந்தார். அந்த மூட்டைகளை வாங்கக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சரிக்கா. இது இந்த ரூமோட இருக்கட்டும். கெஸ்டுங்க காதுக்குப் போகக் கூடாது. தாளக் குடுங்க, பேர் எழுதாம காலியா விட்டுடலாம். யாரையும் அனுப்பல."

"காலியா ஏன் விடணும்? பொறுப்பான ஆள் இருக்காங்களே."

பென்சில் எழுத்தை முன்பே அழித்திருந்தாள். அந்த இடத்தில் பேனாவால் எழுதினாள்: கரையில் கல்பொடி கொட்டச் சொன்னவர். கீழே கையெழுத்துப் போட்டு, நிறுத்தி நிதானமாகத் தேதியும் போட்டாள். மேலாளர் அதை வாங்கி இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்தார். அந்தக் கரைத் துவாலைகளை வெயிலில் காயப் போட்டுத் தட்டிவிட்டுத்தான் இயந்திரத்தில் போடுவோம், அதற்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும் என்றாள். தலையை ஆட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்?

கீழே இறங்கி வந்தாள். மேலே பேசுவது லேசாக இருந்தது. கீழே என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போனதும் இயந்திரங்களை நிறுத்தச் சொன்னாள். சத்தம் அடங்கியது. நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வடிகட்டியில இருந்தது சோப்பு இல்ல. மூணாம் கரையில ஓட்டல்காரங்க கொட்டுற கல்பொடி. எத்தன தடவ உதறினாலும் விழாது. நேத்து நானே உதறிப் பாத்தேன்." தையல்காரியின் பக்கம் திரும்பினாள். "நீ அன்னிக்கே சொன்ன. நான் கேக்கல. தப்பு என்னுதுதான். உன் பேரை எழுதிக்கூட வெச்சிருந்தேன். மன்னிச்சிடு."

மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உதறலக்கா வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர்கள் கேட்டதே இல்லை. தையல்காரி ஒரு துவாலையை இடது கையால் மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"மூணாம் கரை வரைக்கும் போயி மண்ணத் தொட்டுப் பாத்திருக்கீங்க" என்றாள். "நான் இங்கதானேக்கா நின்னேன்."

உதறலக்கா கிட்டே போனாள். அவளுடைய வலது தோளில் கையை வைத்தாள். பட்டதும் தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கினாள். சட்டைத் துணிக்கு மேலாகவே வீக்கம் கைக்குத் தட்டுப்பட்டது, நெருப்பாகக் கொதித்தது.